ப்ளஸ் டூ முடிந்தது, ஒரு வருஷம் விடலாமா?

வாசகர் கேள்வி - பதில்

ரிசல்ட் வந்ததிலிருந்து கூடலூர், கம்பம், போடி, மலைக்கு மேலே வண்டிப்பெரியாறு வரைக்கும் பல ஊர்களிலிருந்து கடிதங்கள். திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான். பள்ளி முடிந்த கையோடு கல்லூரியில் சேராமல் ஒரு வருஷம் விட்டால் என்ன, விட்டால் என்ன ஆகும்? அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள், யார் பெயரும் போடவில்லை.

கேள்வி: வணக்கம் டீச்சர். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்தேன், பயாலஜி குரூப். நீட் எழுதினேன். 310 வந்திருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்து படித்தால் டாக்டருக்குக் கிடைக்கும் என்று எங்கள் பயாலஜி சார் சொல்கிறார். அம்மா தினமும் விடியக்காலை ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார். அப்பா, கிடைக்கிற நர்ஸிங்கில் சேர்ந்துவிடு என்கிறார். சித்தியோ, வயசுப் பிள்ளை ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் மாப்பிள்ளை கேட்டு வராமல் இருப்பார்களா என்கிறார். நான் என்ன செய்யட்டும்? - ஒரு மாணவி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: விதிகளில் உனக்கு ஒரு தடையும் இல்லை மகளே, அதை முதலில் தெரிந்துகொள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அடுத்த வருஷம் எழுதினாலும் உனக்கு உண்டு. இத்தனை தடவைதான் நீட் எழுதலாம் என்ற கணக்கு கிடையாது, மேல் வயது வரம்பையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். இந்த வருஷ மார்க் அடுத்த வருஷச் சேர்க்கைக்கு ஆகாது, அவ்வளவுதான்.

சரி, இப்போது அந்த 310 எப்படி வந்தது என்று பார். உன்னுடைய ஓ.எம்.ஆர். தாளையும் விடைக்குறிப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் உட்கார். 180 கேள்வி, சரியான விடைக்கு நாலு மார்க், தப்புக்கு ஒரு மார்க் குறையும். 90 சரி, 50 தப்பு, 40 தொடவே இல்லை என்றாலும் 310தான். 80 சரி, 10 தப்பு, 90 கேள்வியைத் தொடவில்லை என்றாலும் அதே 310தான். மார்க் ஒன்றாக இருந்தாலும் இந்த இரண்டு பிள்ளைகளும் வேறு வேறு. இரண்டாவது பிள்ளை தெரிந்ததைச் சரியாகப் போட்டிருக்கிறாள், படிக்காத பாடம்தான் பாக்கி, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால் ஒரு வருஷத்தில் நன்றாக ஏறுவாள். முதல் பிள்ளை அரைகுறையாகத் தெரிந்ததை ஊகித்துப் போட்டிருக்கிறாள், அவள் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதி எழுதித்தான் சரியாக்க வேண்டும். தப்பெல்லாம் பயாலஜியில் என்றால் நீயாகவே சரிசெய்துவிடலாம், பாதி மார்க் அதில்தான் இருக்கிறது, 360. ஆனால் விட்டதும் தப்பானதும் எல்லாம் பிசிக்ஸில் என்றால் ஒரு கேள்வி கேட்கிறேன். பயாலஜிக்கு உங்கள் சார் இருக்கிறார், பிசிக்ஸுக்கு யார்? அந்த இடத்தில் ஒரு ஆளின் பெயர் உனக்குத் தெரியவில்லை என்றால் வருஷத்தை விடாதே. பெயர் தெரிந்தால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முயற்சி செய் என்றுதான் சொல்வேன்.

அப்புறம் வீடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் பெண்பிள்ளைகள் விட்ட வருஷம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். அம்மா அஞ்சு மணிக்கு ஜீப்புக்குக் கிளம்புகிறார். அதற்கப்புறம் தம்பிக்குச் சோறு கட்டுவது, தண்ணீர் வருகிற அன்றைக்குப் பிடித்து வைப்பது, ரேஷன் கடை வரிசை, குழுப் பணம் வாங்க வருகிறவருக்குப் பதில் சொல்வது, பாட்டிக்கு மாத்திரை, எல்லாம் "சும்மாதானே இருக்கிறாய்" என்று உன் தலையில் வந்து விழும். புத்தகத்தைத் திறக்கும்போது பதினொரு மணி ஆகியிருக்கும். ஆகஸ்ட் பிறந்து காய் எடுப்பு சூடுபிடித்தால் தோட்டத்தில் ஆள் பத்தாது, ஜீப்பில் ஒரு இடம் இருக்கிறது, ஒரு மாசம் வந்தால் கோச்சிங் ஃபீஸுக்கு ஆகுமே என்று கேட்பார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கையில் காசும் வரும், அம்மாவுக்கும் துணை. ஆனால் மலையிலிருந்து சாயங்காலம் இறங்கி வந்த உடம்பு ராத்திரி பிசிக்ஸ் படிக்காது. அந்த ஒரு மாசம் தை வரைக்கும் நீண்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் அவர்கள்.

அதனால் அப்பாவையும் அம்மாவையும் ஒன்றாக உட்கார வைத்து இப்போதே பேசிவிடு. காலையில் இத்தனை மணி முதல் சாயங்காலம் இத்தனை மணி வரைக்கும் நான் வீட்டில் இருக்க மாட்டேன், ஊர் நூலகத்தில் இருப்பேன், இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் கேட்டு நம் பள்ளியிலேயே ஒரு வகுப்பறையில் இருப்பேன் என்று சொல். அடுத்த மே மாதம் நீட், அதில் என்ன மார்க் வந்தாலும் அந்த வருஷமே ஏதாவது ஒரு படிப்பில் சேர்ந்துவிடுவேன், மறுபடி ஒரு வருஷம் கேட்க மாட்டேன் என்பதையும் நீயே உன் வாயால் சொல். அப்பாவுக்கு அந்தத் தேதிதான் முக்கியம். எப்போது முடியும் என்று தெரிந்தால் பெரும்பாலான அப்பாக்கள் இறங்கி வருவார்கள்.

நர்ஸிங் பற்றி அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதே. பி.எஸ்சி. நர்ஸிங் நம் மாநிலத்தில் ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான். கவுன்சலிங்குக்கு இந்த வருஷமே விண்ணப்பம் போடு. அரசுக் கல்லூரியில் இடம் வந்தால் என் பதில் மாறும், யோசிக்காமல் சேர்ந்துவிடு, அது நல்ல படிப்பு, நல்ல வேலை. அரசு இடம் வராமல், வெளிமாநிலக் கல்லூரிக்கு ஏஜெண்ட் ஒருவர் வீடு தேடி வந்தால் ஒரிஜினல் சர்டிஃபிகேட் ஒன்றைக்கூட அவர் கையில் கொடுக்காதீர்கள். கோச்சிங்குக்காக வட்டிக்குக் கடன் வாங்குவதும் வேண்டாம்.

சித்தி சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தத்தில் யாராவது வந்து கேட்கத்தான் செய்வார்கள். "நிச்சயம் மட்டும் பண்ணி வைத்துக்கொள்ளலாம்" என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீ இல்லை, அம்மா. இன்றைக்கே அம்மாவிடம் பேசி, "பிள்ளை படிக்கிறாள், அடுத்த வருஷம் காலேஜ்" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வராதபடி பார்த்துக்கொள்.

கேள்வி: என் மகன் காமர்ஸ் குரூப், 600-க்கு 520. கல்லூரிக்கு விண்ணப்பம் போடச் சொன்னால் "கேப் இயர்" எடுக்கப் போகிறேன், அமெரிக்காவில் எல்லோரும் எடுக்கிறார்கள், ஒபாமா மகளே எடுத்தார் என்கிறான். அந்த ஒரு வருஷம் என்ன செய்வாய் என்றால் இன்னும் முடிவு பண்ணவில்லை என்கிறான். நான் சின்ன அளவில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். வீட்டில் தினமும் சண்டை. - ஒரு தகப்பன், போடிநாயக்கனூர்

பதில்: ஒபாமா மகள் விஷயத்தில் பையன் சொல்வது உண்மைதான் ஐயா. மலியா ஒபாமா 2016-ல் பள்ளி முடித்தார், 2017-ல்தான் ஹார்வர்டில் சேர்ந்தார். ஆனால் அவன் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவருக்கு ஹார்வர்டில் இடம் உறுதியான பிறகுதான் அந்த ஒரு வருஷம். இடம் கிடைத்தவர்கள் ஒரு வருஷம் தள்ளிச் சேரலாம் என்று அந்தப் பல்கலைக்கழகமே பல காலமாகச் சொல்லி வருகிறது, இடத்தையும் வைத்திருக்கிறது. அங்கேயும் எல்லோரும் எடுப்பதில்லை, மிகச் சிலர்தான். நம் கவுன்சலிங்கில் அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. இந்த வருஷம் சேரவில்லை என்றால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும், அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், வரிசை. இதை அவனுக்குக் கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள், தெரியாமல்கூட இருக்கலாம்.

அதே சமயம் அவன் கேட்பதைச் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பத்தாவதிலிருந்து பொதுத்தேர்வு, டியூஷன், மறுபடி பொதுத்தேர்வு என்றே ஓடிய பிள்ளைகள் பலருக்குத் தனக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்கவே நேரம் கிடைத்ததில்லை. "முடிவு பண்ணவில்லை" என்று உள்ளதைச் சொல்கிறான், அதுவே நல்ல விஷயம்.

நீங்கள் ஏலக்காய் வியாபாரி. அவனை ஒரு வருஷம் உங்கள் தொழிலில் சேர்த்துக்கொள்ளுங்களேன், எடுபிடியாக இல்லை, சம்பளம் கொடுத்து. அஞ்சு கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோதான் நிற்கும் என்பதைக் காய் உலர்த்தும் ஸ்டோரில் நின்று பார்க்கட்டும். ஒரே மூட்டைக் காயைச் சல்லடையில் போட்டு எட்டு மில்லிமீட்டருக்கு மேலே நிற்பது எது, கீழே விழுவது எது, ஒரு லிட்டர் அளவுக் காய் எத்தனை கிராம் நிற்கிறது, நிறம் கொஞ்சம் வெளுத்தால் விலை எவ்வளவு இறங்குகிறது என்று கையால் தெரிந்துகொள்ளட்டும். நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் உங்கள் ஊரிலும் நடக்கிறது, எல்லை தாண்டி வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் புற்றடியிலும் நடக்கிறது. இரண்டுக்கும் கூட்டிக்கொண்டு போங்கள். ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன் வேலையாக இருக்கட்டும். இவ்வளவும் பார்த்துவிட்டு பி.காம். போகிற பையன் வகுப்பில் உட்கார்ந்து கேட்கிற கேள்வியே வேறாக இருக்கும். எனக்குத் தெரிந்து போடி, கம்பம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டு வாசலிலேயே இருக்கிற இந்தப் படிப்பை யாரும் படிப்பாகவே நினைப்பதில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் அடுத்த மே மாதம் விண்ணப்பம் போடுவது இப்போதே பேசி முடித்ததாக இருக்க வேண்டும். வேலைக்கும் வர மாட்டேன், வேறெதுவும் செய்ய மாட்டேன், வீட்டில்தான் இருப்பேன் என்றால் இந்த வருஷமே சேர்த்துவிடுங்கள். தினமும் காலையில் தன்னை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்காத பையனுக்கு வருஷம் போவதே தெரியாது.

கேள்வி: டீச்சர், நான் பீர்மேடு தாலுகாவில் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருக்கிறேன். தமிழ் மீடியத்தில் ப்ளஸ் டூ முடித்தேன். அம்மா கொழுந்து எடுக்கிறார், அப்பாவுக்கு முதுகெலும்பில் பிரச்சினை, வேலைக்குப் போக முடியவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் மாமா வரச் சொல்கிறார். ஒரு வருஷம் வேலை பார்த்துக் கடனை அடைத்துவிட்டு அப்புறம் காலேஜ் சேரலாம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் சேர்வதா, கேரளத்தில் சேர்வதா என்றும் சொல்லுங்கள். - ஒரு மாணவன், வண்டிப்பெரியாறு

பதில்: தம்பி, உன் நிலைமையில் வேலைக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போ. ஆனால் படிப்பை முழுசாக அறுத்துக்கொண்டு போகாதே. இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஜூலையிலும் ஜனவரியிலும் சேர்க்கை நடக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. ஒன்றில் பி.ஏ.வோ பி.காமோ பதிந்துவிட்டுப் போ. அடுத்த வருஷம் நேரடிக் கல்லூரியில் சேர்ந்தால் இதை விட்டுவிடலாம், சேர முடியாமல் போனாலும் ஒரு வருஷப் படிப்பு கையில் இருக்கும். கடன் முழுதும் அடைந்த பிறகுதான் காலேஜ் என்று வைத்துக்கொள்ளாதே, ஏனென்றால் கடன் ஒரு வருஷத்தில் அடையாது, அப்பாவின் வைத்தியத்துக்கு இன்னொரு கடன் வரும். அடுத்த மே மாதம் ஊருக்குத் திரும்புகிறேன் என்று மாமாவிடம் போகும்போதே சொல்லிவிடு. சம்பளத்தில் ஒரு பங்கை அம்மா பெயரில் தபால் ஆபீஸில் போட்டு வை, முதல் செமஸ்டருக்கும் விண்ணப்பச் செலவுக்கும் அது ஆகும். பதினெட்டு வயது முடிகிற வரைக்கும் நைட் ஷிஃப்டுக்கு ஒத்துக்கொள்ளவே கூடாது.

எந்த மாநிலம் என்ற கேள்விக்குப் பதில் உன் சான்றிதழ்களில் இருக்கிறது. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்க வேண்டுமானால் இருப்பிடச் சான்றும் சாதிச் சான்றும் தமிழ்நாட்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் பூர்வீக ஊரில் ரேஷன் கார்டோ வீடோ எதுவும் இல்லாமல் மூன்று தலைமுறையாக லயத்திலேயே இருந்துவிட்டால் அது கஷ்டம். நீ தமிழ் மீடியம் என்றாலும் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்காது, அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். கேரளத்தில் பட்டியல் சாதி மாணவர்களுக்கு இ-கிராண்ட்ஸ் திட்டத்தில் கல்லூரிக் கட்டணம் கிடைக்கிறது, ஆனால் அங்கே சாதிச் சான்று கேட்டால் 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். எஸ்டேட் தமிழர்கள் எத்தனையோ பேர் இந்த ஒரு காகிதம் இல்லாமல் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இங்கே பிறந்து, இங்கே கொழுந்து எடுத்து, இங்கேயே மண்ணுக்குள் போன தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளிடம் நீ எந்த ஊர் என்று கேட்பது கொடுமை, அதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. ஆனால் நீ காத்திருக்க முடியாது. தாத்தாவின் பெயர் உள்ள எஸ்டேட் பழைய பதிவேடு, பி.எஃப். காகிதம், பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவு இருந்தால் அது, எதையும் விடாமல் தேடச் சொல்லி இப்போதே அம்மாவிடமும் யூனியன்காரர்களிடமும் கொடுத்துவிட்டுப் போ. நீ திருப்பூரில் இருக்கும் இந்த வருஷத்துக்குள் அந்த ஒரு வேலை முடிந்தாலே பெரிய விஷயம், உன் தங்கை தம்பிக்கும் சேர்த்து ஆகும்.

உங்கள் பக்கத்தில் நீட் எழுத நினைக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: தமிழ் வினாத்தாள் கேரளத்து மையங்களில் கிடைக்காது. விண்ணப்பத்தில் தமிழ் என்று போட்டால் தமிழ்நாட்டில்தான் மையம் எடுக்க வேண்டும். வண்டிப்பெரியாறிலிருந்து தேனிக்கு முதல் நாளே இறங்கிவிடுங்கள்.

கேள்வி: இன்ஜினியரிங் கட்-ஆஃப் 162 வருகிறது. ஒரு வருஷம் விட்டு, மறுபடி ப்ளஸ் டூ எழுதி கட்-ஆஃப் ஏற்றலாமா? - ஒரு மாணவர், சின்னமனூர்

பதில்: முடியாது. நம் ஸ்டேட் போர்டில் பாஸ் ஆன பாடத்தை மார்க் கூட்டுவதற்காகத் திரும்ப எழுத வழியில்லை. இன்ஜினியரிங்குக்குத் தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வும் 2007-லேயே போய்விட்டது, ப்ளஸ் டூ மார்க்தான் எல்லாம். ஒரு வருஷம் கழித்து வந்தாலும் அதே 162-ஐத்தான் கையில் வைத்துக்கொண்டு நிற்பாய். இந்த வருஷமே கவுன்சலிங் போ. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. எழுதுவதற்காக விடுகிறாய் என்றால் அது வேறு. மெயின் தேர்வை ப்ளஸ் டூ முடித்த வருஷமும் அதற்கடுத்த இரண்டு வருஷமும் எழுதலாம், அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டு தடவைதான்.

கேள்வி: மகள் போன வருஷம் உடம்பு சரியில்லாமல் சேரவில்லை. இப்போது சேர்க்கும்போது கேள்வி கேட்பார்களா? பின்னால் வேலைக்குப் போகும்போது பிரச்சினை வருமா? - ஒரு தாய், உத்தமபாளையம்

பதில்: ஏன் ஒரு வருஷம் சேரவில்லை என்று சில கல்லூரிகளில் எழுதித் தரச் சொல்வார்கள், நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கினால் போதும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வருமானச் சான்று போன வருஷம் வாங்கியது என்றால் தேதியைப் பாருங்கள், புதிதாக இ-சேவையில் போட வேண்டியிருக்கும். டி.சி. ஒரிஜினலைப் பத்திரமாக வைத்திருங்கள். கேம்பஸ் இண்டர்வியூவில் சில ஐ.டி. கம்பெனிகள் படிப்பில் இரண்டு வருஷத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் எடுப்பதில்லை, ஒரு வருஷத்துக்குப் பயப்பட வேண்டாம். கேட்டால் உடம்பு சரியில்லை என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

கேள்வி: கணக்கில் மட்டும் ஃபெயில். துணைத்தேர்வுக்குப் பதிந்திருக்கிறேன். அப்பா, எப்படியும் லேட் ஆகிவிட்டது, இந்த வருஷம் தோட்டத்தைப் பார், அடுத்த வருஷம் சேரலாம் என்கிறார். - ஒரு மாணவன், குமுளி ரோடு, லோயர் கேம்ப்

பதில்: லேட் ஆகவில்லை. துணைத்தேர்வில் பாஸ் ஆகிறவர்களுக்கென்றே இன்ஜினியரிங்கில் துணைக் கலந்தாய்வு நடத்துகிறார்கள், கலைக் கல்லூரிகளிலும் காலி இடங்கள் இருக்கும். அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. தேர்வு முடிகிற வரைக்கும் தோட்டத்துப் பக்கம் போகாதே, பழைய கணக்கு வினாத்தாள்களைப் போட்டுப் பார், ரிசல்ட் வந்த அன்றைக்கே விண்ணப்பம் போடு.